எவ்வளவு நேரம் ஆகும்? ஆங்கிலத்தின் கால வினைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் பக்கத்தில் மாலை வகுப்பு நடத்தும் ஆங்கில ஆசிரியன் நான். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், நுவரெலியா ஹோட்டல்களில் வேலை செய்யும் இளைஞர்கள், கொழும்பில் நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் என்று பலரும் வருகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கண்ணால் படித்தால் போதாது, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: டேக், லாஸ்ட், ஸ்பெண்ட் மூன்றுமே நேரத்தைப் பற்றியவைதானே? எதை எங்கே போடுவது?

சிவனொளிபாதமலையை வைத்துச் சொல்கிறேன். மார்கழிப் பௌர்ணமியான உந்துவப் போயாவில் யாத்திரைப் பருவம் தொடங்கி, வெசாக் போயாவோடு முடிகிறது. ஏறக்குறைய ஐந்து மாதம். நல்லதண்ணியிலிருந்து படியேறினால் உச்சியை அடைய மூன்று நான்கு மணித்தியாலம். பிறகு 2,243 மீட்டர் உயரத்தில், கம்பளிக்குள் ஒடுங்கிக்கொண்டு, சூரியன் எப்போது தலை காட்டும் என்று கிழக்கைப் பார்த்தபடி கழியும் மிச்ச இரவு.

‘த சீசன் லாஸ்ட்ஸ் ஃபைவ் மன்த்ஸ்.’ பருவம் தானாகவே நீள்கிறது. யாரும் ஏறாவிட்டாலும் அது ஐந்து மாதம் இருக்கும்.

‘த கிளைம்ப் டேக்ஸ் த்ரீ அவர்ஸ்.’ ஏற்றம் நம்மிடமிருந்து மூன்று மணித்தியாலத்தைக் கேட்டு வாங்குகிறது. கொடுக்காவிட்டால் உச்சி கிடையாது.

‘வீ ஸ்பென்ட் த நைட் ஆன் த சம்மிட்.’ இரவு நம்முடையது. அதை நாம்தான் அங்கே கழித்தோம்.

தமிழில் இந்தத் தொல்லை இல்லை. ஆகும், எடுக்கும், செல்லும், பிடிக்கும் என்று எதைச் சொன்னாலும் கேட்பவருக்குப் புரிந்துவிடும். ஆங்கிலத்தில் வாய் திறக்குமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்த நேரம் யாருடைய கணக்கில்? நிகழ்ச்சி தன்பாட்டில் நீண்டால் லாஸ்ட். வேலை நேரத்தைத் தின்றால் டேக். மனிதர் தம் நேரத்தைக் கொடுத்தால் ஸ்பெண்ட்.

கேள்வி: ‘ஐ டுக் செவன் அவர்ஸ்’ என்று சொல்வது பிழையா?

பிழை இல்லை. ஆனால் கொஞ்சம் ஆபத்தானது. அதைவிடப் பெரிய ஆபத்தில் நான் ஒருமுறை மாட்டியிருக்கிறேன்.

இருபது வயதில் கொழும்பில் முதல் நேர்முகத் தேர்வு. ரயில் வழியில் நின்று நின்று போனதில் ஏழு மணித்தியாலம் போய்விட்டது. உள்ளே போனதும், இங்கே வந்து சேர எவ்வளவு நேரமானது என்று ஆங்கிலத்தில் அன்பாகத்தான் கேட்டார்கள். ‘ஐ ஸ்டேய்ட் செவன் அவர்ஸ்’ என்றேன். ஏழு மணித்தியாலம் தங்கினேன் என்று பொருள். எங்கே என்று கேட்டார்கள். ரயிலில் என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலை கிடைக்கவில்லை, அதற்கு இந்த வாக்கியம் மட்டுமே காரணம் என்று நினைக்கவில்லை.

நான் சொல்லியிருக்க வேண்டியது: ‘இட் டுக் மீ செவன் அவர்ஸ்.’ இங்கே ‘இட்’ என்பது பயணம், பாதை, மழை, சிக்னல் எல்லாம்தான். தாமதத்தின் பழி அவற்றின் மேல் விழும். ‘ஐ டுக் செவன் அவர்ஸ்’ என்றால் இலக்கணம் சரி, ஆனால் மெதுவாக வந்தது நான் என்ற சாயல் வந்துவிடும். பரீட்சையில் ஒரு கணக்கைப் போட யார் எவ்வளவு நேரம் எடுத்தார் என்று சொல்லும்போது இந்த அமைப்பே பொருத்தமானது. ரயில் தாமதத்துக்கு எதற்கு நாம் பழி ஏற்க வேண்டும்?

அமைப்பை இப்படி மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இட், டுக், யாருக்கு, எவ்வளவு நேரம், பிறகு ‘டு’ சேர்த்து வினை. நேரத்துக்கு முன்னால் ‘ஃபோர்’ போடக் கூடாது. ‘இட் டுக் ஃபோர் செவன் அவர்ஸ்’ என்று எழுதினால் நிச்சயமாகச் சிவப்புக் கோடு விழும்.

பயிற்சிக்கு நம் ரயில் பாதையே இருக்கிறது. தண்டவாளம் நானுஓயாவுக்கு 1885இல் வந்தது, பதுளையை 1924இல்தான் தொட்டது. இடையில் 39 வருடம். ‘இட் டுக் தேர்ட்டி நைன் இயர்ஸ் டு ரீச் பதுளை.’ நம் ரயில் தாமதங்களை நொந்துகொள்ளும்போது நான் இதை நினைத்துக்கொள்வதுண்டு.

கேள்வி: கூட்டம் இரண்டு மணித்தியாலம் நடந்தது என்பதற்கு ‘லாஸ்டட்’ சரியா, ‘டுக்’ சரியா?

இரண்டும் சரி. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ‘த மீட்டிங் லாஸ்டட் டூ அவர்ஸ்’ என்பது கடிகாரம் பார்த்தவரின் பேச்சு. ‘த மீட்டிங் டுக் டூ அவர்ஸ்’ என்பதில் அந்த இரண்டு மணித்தியாலமும் யாரிடமிருந்தோ போய்விட்டது என்ற தொனி இருக்கிறது. ஒரு வேலை நடந்து முடிந்தது என்ற பொருளும் வரலாம்.

செய்து முடிக்க வேண்டிய காரியம் என்றால் டேக்கின் பக்கமே சாயுங்கள். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை வாட்டப் போட்டால், ஈரத்தையும் காலநிலையையும் பொறுத்து 12 முதல் 18 மணித்தியாலம் வரை ஆகும். அதற்கு ‘டேக்ஸ்’ என்பதே நன்றாக ஒட்டும், ஏனென்றால் வாடி முடிந்தால்தான் அடுத்த வேலை. மழை, காய்ச்சல், வேலைநிறுத்தம், பண்டிகை, மின்வெட்டு ஆகியவற்றுக்கு லாஸ்ட். மழை எதையும் செய்து முடிப்பதற்காகப் பெய்வதில்லை.

கேள்வி: ‘லாஸ்ட்’ என்றால் கடைசி என்றுதானே படித்தோம்?

உருவம் ஒன்று, பிறப்பு வேறு. கடைசி என்ற பொருளில் வரும் லாஸ்ட், தாமதத்தைக் குறிக்கும் ‘லேட்’ என்ற சொல்லின் உறவு. மிகவும் பிந்தி வந்தது எதுவோ அது கடைசி. நீடித்தல் என்ற வினையோ, காலடித் தடம் என்ற பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. தடத்தைப் பின்பற்றிப் போவது, போய்க்கொண்டே இருப்பது, நீடிப்பது என்று பொருள் நகர்ந்திருக்கிறது. சப்பாத்து தைப்பவரின் கால் வடிவக் கட்டைக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். அதுவும் அந்தத் தடத்தின் பிள்ளை.

வினையின் இறந்தகாலம் ‘லாஸ்டட்’. விடைத்தாள்களில் ‘லோஸ்ட்’ என்று எழுதிவிடுகிறார்கள். அதற்குத் தொலைந்தது என்று பொருள்.

கேள்வி: அரிசி, சம்பளம் போன்றவை எத்தனை நாள் வரும் என்பதற்கும் லாஸ்ட்தானா?

ஆம். சம்பளம் இருபதாம் தேதி வரை வரும் என்ற நம் ‘வரும்’ இருக்கிறதே, அதேதான். ‘த ரைஸ் லாஸ்டட் அஸ் டூ வீக்ஸ்’: அரிசி எங்களுக்கு இரண்டு வாரம் வந்தது. இங்கே ஆளையும் நடுவில் வைக்கலாம்.

கெட்டுப்போகாமல் இருப்பதற்குச் சரியான சொல் ‘கீப்’. காற்றுப் புகாத டின்னில் தேயிலைத் தூள் ‘கீப்ஸ் வெல்’. டின்னில் உள்ள தூள் ஒரு மாதம் வருமென்றால் ‘லாஸ்ட்ஸ் எ மன்த்’. எங்கள் வீட்டில் விருந்தாளி வந்த வாரத்தில் இந்த இரண்டாவது வாக்கியம் பொய்யாகிவிடும்.

கேள்வி: ‘ஐ ஸ்பென்ட் எய்ட் அவர்ஸ் டு பிளக் டீ’ என்பதில் என்ன பிழை?

‘டு’ பிழை. எட்டு மணித்தியாலத்தைக் கொழுந்து பறிப்பதில் செலவிட்டேன் என்றால் ‘ஐ ஸ்பென்ட் எய்ட் அவர்ஸ் பிளக்கிங் டீ’. ஸ்பெண்டுக்குப் பின்னால் வரும் வினை ‘இங்’ வாலோடுதான் வர வேண்டும். டேக் இதற்கு நேர் எதிர்: அதற்கு ‘டு’ வேண்டும். ஒருவர் கேட்பதை மற்றவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். நேரத்துக்கு முன்னால் ‘ஃபோர்’ வராது என்பதில் மட்டும் இருவரும் ஒற்றுமை.

ஸ்பெண்டின் இறந்தகாலத்தில் கடைசி எழுத்தான ‘டி’ போய் ‘டீ’ வந்துவிடும். மலையகத்துப் பிள்ளைகளுக்கு இதை நினைவில் வைக்க நான் வேறு வழி சொல்லித் தரத் தேவையில்லை.

இந்தச் சொல்லின் வேரை நான் வகுப்பில் சொல்லாமல் விடுவதில்லை. இலத்தீனில் ‘எக்ஸ்பெண்டெரே’ என்றால் நிறுத்துக் கொடுத்தல். நாணயத்தை எண்ணிக் கொடுக்காமல் தராசில் நிறுத்துக் கொடுத்த காலத்துச் சொல். அதைச் சொன்னதும் பிள்ளைகளுக்குக் கொழுந்து மடுவம் நினைவுக்கு வந்துவிடும். பின்னேரம் கூடையை இறக்கி, சாக்கைத் தராசுக் கொக்கியில் மாட்டி, முள் ஆடி அடங்குவதைக் கண் கொட்டாமல் பார்த்து நிற்கும் அம்மாக்கள். ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று சில கிலோ கழித்து எழுதும் பேனா. அந்த முள்ளைப் பார்த்தபடியே ‘ஸ்பென்ட்’ என்று சொல்லிப் பாருங்கள்: கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார், கொடுத்ததற்கு ஓர் அளவும் இருக்கிறது. அதனால்தான் இந்த வினையின் எழுவாய் பெரும்பாலும் மனிதராகவே வரும்.

‘த மீட்டிங் ஸ்பென்ட் டூ அவர்ஸ்’ என்று எழுதினால், கூட்டம் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: ஸ்டே, லிவ், ரிமெய்ன் மூன்றுக்கும் தமிழில் ‘இருக்கிறேன்’ என்கிறோம். ஆங்கிலத்தில் எப்படிப் பிரிப்பது?

குடியிருப்பதற்கு லிவ். தற்காலிகமாகத் தங்குவதற்கு ஸ்டே. தலவாக்கலையில் வீடு, கொழும்பில் ஒரு மாதம் அக்கா வீட்டில் என்றால், தலவாக்கலைக்கு லிவ், அக்கா வீட்டுக்கு ஸ்டே. ஹோட்டலில் வேலை செய்கிறவர்கள் விருந்தினரிடம் எத்தனை நாள் ஸ்டே என்று கேட்கலாம்; எத்தனை நாள் லிவ் என்று கேட்டால் அவர் பயந்துவிடுவார்.

நம் நாட்டில் பலர் குடியிருப்பதற்கும் ஸ்டே என்றே சொல்கிறார்கள். பரீட்சையில் வேண்டாம். ஆனால் ஸ்கொட்லாந்தில் இன்றும் சாதாரணமாக அப்படித்தான் பேசுகிறார்கள். நம் தோட்டங்களில் இருந்த பழைய துரைமாரில் ஸ்கொட்லாந்துக்காரர் பலர் என்பதும் தெரிந்ததே. அவர்களிடமிருந்துதான் நமக்கு ஒட்டிக்கொண்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரேயடியாகத் திட்டவும் மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

யாழ்ப்பாண நண்பர்கள் ‘வீட்டில்தான் நிற்கிறேன்’ என்று தொலைபேசியில் சொல்லும்போது எங்கள் பிள்ளைகள் சிரிப்பார்கள், ஏன் உட்காரக் கூடாதா என்று. ஸ்டேயின் வேரைத் தேடிப் போனால், பழைய பிரெஞ்சு வழியாக இலத்தீனின் ‘ஸ்டாரே’யில் போய் முடிகிறது. அதற்கும் நிற்றல் என்றுதான் பொருள்.

ரிமெய்ன் இந்த இரண்டிலிருந்தும் விலகியது. மாற வேண்டியது, மாறியிருக்கக்கூடியது, மாறாமல் அப்படியே தொடர்வது. இதற்கு நம்மிடம் இருக்கும் உதாரணம் கசப்பானது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அவர்களை இலங்கைக்கும் இந்தியாவுக்குமாகப் பிரித்துக் குடியுரிமை கொடுக்க 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. அதன் பிறகும் பலருக்கு எந்த நாட்டின் குடியுரிமையும் கிடைக்கவில்லை. 2003ஆம் ஆண்டின் சட்டம்தான் எஞ்சியிருந்தவர்களுக்கு வழி திறந்தது. ‘தே லிவ்ட் ஹியர்’ என்று எழுதலாம், அது உண்மை. ஆனால் அது பாதி உண்மை. இங்கேயே பிறந்து, இங்கேயே கொழுந்தெடுத்து, இங்கேயே புதைக்கப்பட்டவர்களின் நிலையைச் சொல்ல ‘தே ரிமெய்ன்ட் ஸ்டேட்லெஸ்’ என்றுதான் எழுத வேண்டும். அந்த நிலை எவ்வளவு காலம் நீடித்தது என்று கேட்டால் லாஸ்ட். தீர்க்க எவ்வளவு காலம் எடுத்தார்கள் என்று கேட்டால் டேக். முதல் கேள்வி வருடத்தை மட்டும் எண்ணுகிறது. இரண்டாவது ஆளைத் தேடுகிறது.

கேள்வி: ‘ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் 2010’ சரியா?

தமிழில் ‘2010 முதல் இங்கே இருக்கிறேன்’ என்று நிகழ்காலத்தில் சொல்வதால் வரும் பிழை. தொடங்கி இன்னும் முடியாததற்கு ஆங்கிலம் ‘ஹேவ்’ கேட்கும்: ‘ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் சின்ஸ் 2010.’ தொடக்கப் புள்ளி தெரிந்தால் சின்ஸ், நீளம் தெரிந்தால் ஃபோர். வருடம், மாதம், கிழமை, ‘நான் பிறந்ததிலிருந்து’ எல்லாம் புள்ளி. பத்து வருடம், மூன்று நாள் எல்லாம் நீளம்.

கேள்வி: ‘வெயிட் ஃபோர்’ என்பதில் உள்ள ஃபோர் நேரத்துக்கா, ஆளுக்கா?

இரண்டுக்கும் வரும். ‘ஐ வெயிட்டட் ஃபோர் த பஸ் ஃபோர் டூ அவர்ஸ்.’ முதல் ஃபோர் பஸ்ஸுக்கு, இரண்டாவது நேரத்துக்கு. இரண்டாவதை விட்டுவிடலாம், முதலாவதை விடவே முடியாது. கடிதங்களில் வரும் ‘அவெயிட்’ கொஞ்சம் உடுத்திக்கொண்ட சொல். அது ஃபோர் இல்லாமல் நேராகப் பொருளைப் பிடிக்கும்.

வெயிட் என்ற சொல் முதலில் கண்காணித்தல், காவலிருத்தல் என்ற பொருளில்தான் பிரெஞ்சிலிருந்து வந்தது. நம் காத்திருத்தலிலும் காத்தல் இருக்கிறது. மஸ்கெலியா கடைசி பஸ்ஸுக்கு நிற்கிறவர் வளைவில் விளக்கு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார் இல்லையா, அதுதான்.

கேள்வி: ‘அன்டில்’, ‘பை’ இரண்டும் ‘வரை’தானே?

இல்லை. அன்டில் என்றால் வரை. பை என்றால் ‘குள்’. வெள்ளிக்கிழமை வரை கடை திறந்திருக்கும்: அன்டில் ஃபிரைடே. வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பத்தை அனுப்புவேன்: பை ஃபிரைடே. என் மாணவன் ஒருவன் சான்றிதழ்களை ‘அன்டில் ஃபிரைடே’ அனுப்புவதாக ஓர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதிவிட்டான். வெள்ளி வரை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருப்பேன் என்று பொருள். ஒரே ஒரு தடவை போதும் என்று பதில் வந்ததாம். மரியாதையான அலுவலகம்.

நீண்டுகொண்டே இருக்கும் செயலுக்கு அன்டில், ஒரே தடவையில் முடிகிற செயலுக்கு பை என்று பிரித்துக்கொள்ளுங்கள். ‘விண்ணப்பிக்க வெள்ளி வரை நேரம் இருக்கிறது’ என்றால் நேரம் இருப்பது நீள்கிற சங்கதி, ஆகவே அங்கே அன்டில் சரி.

‘நாட்’ சேரும்போதுதான் உண்மையான சிக்கல். ‘த பஸ் டிட் நாட் கம் அன்டில் செவன்.’ ஏழு மணி வரை பஸ் வரவில்லை, அப்புறம் வந்ததோ என்னவோ என்று பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள். பெரும்பாலும் இதன் கருத்து பஸ் ஏழு மணிக்குத்தான் வந்தது என்பது. நம் ‘தான்’ செய்கிற வேலையை ஆங்கிலம் இப்படிச் சுற்றி வளைத்துச் செய்கிறது.

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன், இரண்டு வருடத்தின்போது?

இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ‘டூ இயர்ஸ் அகோ’. கடந்துபோன வேறொரு நிகழ்ச்சியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ‘பிஃபோர்’. ‘டியூரிங்’ பெயருள்ள காலத்தோடு வரும்: மழைக்காலம், விடுமுறை, கூட்டம். வெறும் எண்ணிக்கைக்கு ஃபோர்தான்.

கேள்வி: மனிதரை எழுவாயாக வைத்து ‘லாஸ்ட்’ போடலாமா?

போடலாம், ஆனால் பொருள் மாறும். ‘ஹி லாஸ்டட் த்ரீ வீக்ஸ் இன் தட் ஜாப்’ என்றால் அந்த வேலையில் மூன்று வாரம் தாக்குப்பிடித்தான் என்று பொருள். இடம் கடினமானது, தாங்குவதே பெரிய காரியம், பெரும்பாலும் அதற்கு மேல் முடியவில்லை. சாதாரணமாக வேலை செய்தார் என்று சொல்ல ‘வொர்க்ட்’ போதும். பரீட்சைக்கு எழுதும்போது இந்தப் பொருள் வேண்டும் என்று தெரிந்தால் மட்டும் கை வையுங்கள்.

போன வருடம் ஒரு மாணவி தன் அப்பாவைப் பற்றிக் கட்டுரை எழுதினாள். முதல் வரி: ‘மை ஃபாதர் லாஸ்டட் தேர்ட்டி இயர்ஸ் இன் திஸ் எஸ்டேட்.’ வழக்கமான பிழை என்று சொல்லை அடித்துவிட்டு மேலே ‘வொர்க்ட்’ என்று எழுதினேன். அடுத்த நாள் கட்டுரையோடு வந்து, இது ஏன் பிழை சேர் என்று கேட்டாள். மேலே எழுதியிருப்பதைத்தான் அவளுக்கும் சொன்னேன்: இடம் கடினமாக இருக்க வேண்டும், தாக்குப்பிடித்தல் என்ற பொருள் வந்துவிடும் என்று.

“தெரியும் சேர். அதனால்தான் எழுதினேன்” என்றாள்.

அச்சகத்தில் பிழை திருத்துகிறவர்களுக்கு ஒரு குறி உண்டு. அடித்த சொல்லின் கீழே வரிசையாகப் புள்ளி வைத்தால் அது அப்படியே இருக்கட்டும் என்று அர்த்தம். அதே சிவப்புப் பேனாவால் ‘லாஸ்டட்’டின் கீழே புள்ளிகளை வைத்து, கழித்த புள்ளியையும் கூட்டிப் போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.